தாத்தா வைத்த யானை

பாப்பா,

உன் தாத்தாவின் இடது உள்ளங்கையில் வட்டமாக ஓர் அச்சு இருந்தது. நான் முதலில் கவனித்தது அதைத்தான். ஒரு ரூபாய் நாணயத்தை அழுத்தி எடுத்ததுபோல ஓரம் சிவந்து நடுவில் வெளுத்திருந்தது. திருவள்ளூரில் உன் மாமா வீட்டில், காலையில் அவருக்கு முகம் துடைத்துவிட்டு, கையைத் துடைக்க விரல்களைப் பிரித்தபோது தெரிந்தது. ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்தேன். அன்று மதியமே அவரை ஒரு வண்டியில் ஏற்றி, பொதட்டூர்பேட்டைப் பக்கம் இருக்கும் முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டோம். வண்டி கிளம்பும்போது நீ என் இடுப்பில் இருந்தாய். உன் கையைப் பிடித்து நான்தான் ஆட்டிக் காட்டினேன்.

இதை எழுதும்போது உனக்கு ஒன்பது மாதம். எனக்கு இன்னும் இருபது முடியவில்லை. நீ வேலைக்குப் போகும் வயதிலோ, கல்யாணம் ஆகி வேறு வீட்டுக்குப் போகும் நேரத்திலோ இதைப் படிப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். வேறு யார் படித்தாலும் படிக்கட்டும். மகளுக்குக் கடிதம் எழுதுகிற அம்மாக்கள் நிறைய புத்தி சொல்வார்கள். என்னிடம் அவ்வளவு இல்லை. நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்காது. நான் செய்த ஒரு தப்பை மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும். நேரில் சொல்ல வராது என்பதால் எழுதுகிறேன்.

உன் தாத்தா காக்களூரில் பம்புக்குப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் லேத் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். அங்கே மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் விடுவார்கள். பத்து நிமிடத்தில் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு, மிச்ச நேரத்துக்குக் கேன்டீன் மேசையில் செஸ் பலகையை விரித்துவிடுவார்களாம். ஒரே பலகை, சுற்றிலும் பத்துப் பேர். ஆட்டம் சீக்கிரம் முடிந்தால்தான் அடுத்தவன் உட்கார முடியும். அதனால் அவர்களாகவே இரண்டு சட்டம் வைத்திருந்தார்கள். சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போனால் ராணி, யோசிக்கவே கூடாது, எடுத்து வைத்துவிட வேண்டும். ராஜாவுக்கு நகர இடமில்லை என்றால் தோல்வி, செக் இருக்கிறதோ இல்லையோ. “நவர முடியலயா? தோத்த. எழுந்திரு, ஆளு நிக்கறான்.” இப்படித்தான் அங்கே ஆட்டம் முடியும். சமம் என்ற ஒன்று அந்த மேசையில் கிடையாது. தாத்தா அதே ஆட்டத்தைத்தான் வீட்டில் உன் மாமாவான என் அண்ணனுக்கும் எனக்கும் சொல்லிக்கொடுத்தார். எனக்கு நன்றாக வந்தது. பேசாமல் ஜெயிக்கக்கூடிய ஒரே இடம் அதுதான் என்பதால் வந்திருக்கும்.

எட்டாவது படிக்கும்போது திருவள்ளூரில் பள்ளிக்கூடங்களுக்கான போட்டிக்கு என்னை அனுப்பினார்கள். மூன்று ஆட்டம் ஜெயித்தேன். நாலாவது ஆட்டத்தில் எதிரில் இருந்த பெண்ணிடம் ராஜா மட்டும்தான் மிச்சம். என்னிடம் இரண்டு ராணி. அவளுடைய ராஜாவை மூலையில் தள்ளி, சுற்றியிருந்த எல்லாக் கட்டத்தையும் அடைத்துவிட்டு, ஜெயித்துவிட்டேன் என்று எழுந்து நின்றேன். அவளும் எழுந்து நின்றாள், சிரித்துக்கொண்டு. நடுவர் வந்து பார்த்தார். ராஜாவுக்குச் செக் இல்லை, நகரவும் இடமில்லை, ஆட்டம் சமம் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. என்னை ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்தேன். அந்த அரைப் புள்ளியில் அடுத்த சுற்று போய்விட்டது. 

வீட்டுக்கு வந்து சொன்னதும் தாத்தா சிரித்தார். “எந்த ஊரு ரூலுடி இது? மூலைல மாட்டிக்கினு முழிக்கறவன் எப்படி சமமாவான்?” என்றார். இரண்டு நாள் கழித்து யாரிடமோ விசாரித்திருக்கிறார். அதன்பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. வேலையிலிருந்து வந்ததும் வழக்கம்போலப் பலகையை விரித்துவைத்து, “வாம்மா, ஒரு ஆட்டம்” என்றார். நான் வெளியாட்களிடம் பேசாதவளே தவிர வீட்டில் நாக்கு நீளம். “நீ சொல்லிக் குடுத்ததெல்லாம் கேன்டீன் ஆட்டம் நைனா. அத வச்சிகினு எங்கயும் போவ முடியாது. இனிமே எனக்கு வேணாம்” என்றேன். அவர் காய்களைப் பெட்டியில் போட்டு மூடினார். அதற்குப் பிறகு நான் அவரோடு ஆடவே இல்லை. 

அவர் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வரும் செஸ் புதிரைக் கத்தரித்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார். நான் பக்கத்திலேயே அரிசி புடைத்துக்கொண்டிருப்பேன். என்ன புதிர் என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. பிறகு என் அம்மா படுத்த படுக்கையானாள். சமைக்க ஆள் வேண்டும் என்று பத்தாவதோடு நின்றேன். அம்மா போய்ச் சேர்ந்தாள். பதினெட்டு முடிந்ததும் என்னைக் கும்மிடிப்பூண்டிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். உன் அப்பா அங்கே இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் ஒப்பந்தக் கூலி. தகரக் கூரை போட்ட ஒரே அறை. பலகையும் காய்களும் திருவள்ளூரிலேயே இருந்தன.

நீ பிறந்து ஐந்தாம் மாதத்தில் தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. லேத் பக்கத்திலேயே சரிந்திருக்கிறார். வலது கையும் காலும் போயின. பேச்சு போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபிறகு மாமாவும் அத்தையும் இரண்டு மாதம் பார்த்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்லி நான் இதை எழுதவில்லை. இரண்டு பேரும் காக்களூரில் ஷிப்டு வேலை. சில நாள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போக வேண்டியிருக்கும். அப்போது அவரை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போவார்கள். ஒரு நாள் திரும்பி வந்து பார்த்தால் அடுப்புப் பக்கத்தில் விழுந்து கிடந்திருக்கிறார். எவ்வளவு நேரம் கிடந்தார் என்று யாருக்கும் தெரியாது. அதன்பிறகுதான் மாமா போன் செய்து என்னை வரச்சொன்னான்.

நான் உன்னைத் தூக்கிக்கொண்டு போனேன். மாமா சாப்பிடக்கூட இல்லை. “நானும் இன்னா பண்றது சொல்லு. அவரு புரிஞ்சிகினு கெடக்காருன்னா நான் வேலைய உட்டுட்டாவது பாத்துக்குவேன். ஒன்னுமே புரியலன்னா, எங்க இருந்தா இன்னா? அந்த முதியோர் இல்லத்துல நாலு வேளையும் ஆளு இருக்காங்க” என்றான். அவருக்குப் பழகின வேலை ஏதாவது கொடுத்துப் பாருங்கள், புரிகிறதா இல்லையா என்று அதில் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். தாத்தாவுக்குப் பழகினது இரண்டு. லேத்தை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. மாமா செஸ் பெட்டியை எடுத்து வந்தான்.

கம்பெனியில் அவர் விழுந்த அன்று போட்டிருந்த சட்டைப் பையில் ஒரு புதிர்த் துண்டு இருந்தது. மாமா அதைப் பார்த்து அப்படியே காய்களை அடுக்கினான். மொத்தமே நாலு காய். கறுப்பு ராஜா ஒரு மூலையில். அதைச் சுற்றி மூன்று கட்டம். அதில் இரண்டை வெள்ளை ராஜா அடைத்துக்கொண்டு நிற்கிறது. மிச்சம் ஒரே ஒரு கட்டம். வெள்ளைச் சிப்பாய் இன்னும் ஒரு அடி வைத்தால் கடைசிக் கட்டம். கறுப்புக்கு ஒரு யானை, பலகையின் நடுவில். வெள்ளை ஆடி வெல்ல வேண்டும் என்று போட்டிருந்தது. “நைனா, இதப் பாரு. இதுல இன்னா பண்ணுவ? சின்னக் கொழந்தகூட போடும் இத” என்றான் மாமா. வெட்டுப்பட்ட வெள்ளைக் காய்களையும் பக்கத்தில் வைத்தான்.

தாத்தா ரொம்ப நேரம் பார்த்தார். இடது கையால் சிப்பாயை நகர்த்தினார். சரியாகத்தான் நகர்த்தினார். அத்தை, “பாரு, தெரியுது அவருக்கு!” என்று முன்னால் வந்தாள். தாத்தா சிப்பாயை எடுத்துவிட்டுப் பக்கத்திலிருந்த காய்களில் துழாவி, யானையை எடுத்து அந்தக் கட்டத்தில் வைத்தார். மாமா மறுபடி அடுக்கினான். மறுபடியும் யானை. மூன்றாவது தடவையும் யானை. “போச்சு. சிப்பாய் போனா ராணின்றதே மறந்துட்டாரு. இருவது வருஷம் ஆடின மனுஷன்” என்று மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் அழுதான், பாப்பா. அதை நான் பார்த்தேன்.

எனக்கு எப்படியாவது அவரைத் தேற வைத்துவிட வேண்டும் என்று இருந்தது. நாலாவது தடவை நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். “நைனா, ராணி. ராணிய வையி” என்று ராணியை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைக் கீழே போட்டுவிட்டு யானையை எடுத்தார். நான் அவர் விரல்களைப் பிரித்து யானையைப் பிடுங்கினேன். அவர் விடவில்லை. கொஞ்சம் வலுவாகத்தான் பிடுங்கினேன். ராணியை அவர் கைக்குள் வைத்து, என் கையால் அதை மூடி, அந்தக் கட்டத்தில் நானே கொண்டுபோய் வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அதோடு பேச்சு முடிந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மறுநாள் வண்டி வந்தது. அவர் போனபிறகு படுக்கையை உதறினேன். தலையணைக்கு அடியிலிருந்து அந்த வெள்ளை யானை விழுந்தது. பெட்டியில் போட்டேன். “கொழந்த பெரிசானா ஆடட்டும்” என்று மாமா அந்தப் பெட்டியை என்னிடமே கொடுத்துவிட்டான். புதிர்த் துண்டும் அதற்குள்ளேயே இருந்தது.

கும்மிடிப்பூண்டிக்கு வந்து ஒரு மாதம் அந்தப் பெட்டி அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது. ஒரு நாள் காலையில் நீ தவழ்ந்து போய் அதைக் கவிழ்த்துவிட்டாய். பேப்பர் துண்டு உன் வாயில் இருந்தது. பிடுங்கி, ஈரத்தைத் துடைத்து, பார்த்தேன். உன்னைத் தூங்கவைத்துவிட்டு அதே மாதிரி அடுக்கினேன். தாத்தாவின் நினைப்பில்தான் அடுக்கினேன், வேறு காரணம் இல்லை. சிப்பாயை நகர்த்தி ராணியை வைத்தேன். இவ்வளவு சுலபமான ஒன்றைப் பேப்பரில் ஏன் போட்டார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. சரி, கறுப்பு என்ன செய்யும் என்று எழுந்து பலகைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன்.

கறுப்பிடம் இருப்பது ஒரு யானை. அதை ராணிக்கு நேர் எதிரே கொண்டுவந்து வெள்ளை ராஜாவுக்குச் செக் வைக்க முடிந்தது. என்னை வெட்டிக்கொள் என்று தானாகவே வந்து நிற்கிறது. வெட்டாமல் ராஜா விலகினால் ராணி போய்விடும். வெட்டினேன். வெட்டியதும் ராணி நிற்கும் இடத்திலிருந்து குறுக்காகப் பார்த்தால், மூலை ராஜாவுக்கு மிச்சமிருந்த அந்த ஒரு கட்டமும் அடைபட்டுவிட்டது. ராஜாவுக்குச் செக் இல்லை. நகர இடமும் இல்லை. கேன்டீன் மேசையில் இது வெற்றி. எனக்குத் திருவள்ளூரில் அந்தப் போட்டி நடந்த கூடம் ஞாபகம் வந்தது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டு எழுந்து நின்றது ஞாபகம் வந்தது. ஆட்டம் சமம். ராணியை வைத்தால் ஜெயிக்க முடியாது.

அப்படியானால் வேறு எது? ராணியே வைக்க வேண்டும் என்பது கேன்டீன் சட்டம்தானே, வெளியில் எந்தக் காயையும் வைக்கலாம். குதிரை வைத்துப் பார்த்தேன், மந்திரி வைத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நேராக யானைக்குப் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கை அதன்மேல் இரண்டு முறை போய்த் திரும்பியது. கடைசியில் வைத்தேன். கறுப்பு யானை அதேபோல வந்து முன்னால் நின்றது. வெட்டினேன். யானைக்குக் குறுக்கே பார்க்கத் தெரியாது. மூலை ராஜாவுக்கு அந்த ஒரு கட்டம் மிச்சம் இருந்தது. அது நகர்ந்தது. ஆட்டம் ஓடியது. அதற்கப்புறம் மெதுவாக ஜெயித்துவிடலாம். கறுப்பு அப்படி வந்து நிற்காமல் வேறெங்கே ஓடினாலும் சில நகர்த்தலில் முடிந்துவிடுகிறது. யானைதான் விடை. அவர் நாலு முறையும் சரியாகத்தான் எடுத்திருக்கிறார். நாங்கள்தான் கேன்டீன் ஆட்டத்தை வைத்து அவருக்கு மார்க் போட்டிருக்கிறோம். அவர் அந்த ஆட்டத்தை எப்போதோ விட்டுவிட்டார். எனக்கு ஒரு ஆட்டம் போனதற்காக இத்தனை வருஷம் தனியாக உட்கார்ந்து சரியான ஆட்டத்தைக் கற்றுக்கொண்டிருந்திருக்கிறார். அந்தத் துண்டை எனக்குக் காட்டத்தான் பையில் வைத்திருந்தாரோ என்னவோ. நான் யானையை என் உள்ளங்கையில் வைத்து இறுக்கி மூடித் திறந்தேன். அதே வட்டம், அதே சிவப்பு.

உன் அப்பா ஷிப்டு முடிந்து வந்தபோது அடுப்பு பற்றவைக்கவில்லை. “இன்னாமே, சோத்த வைக்கச் சொன்னா சோல்ஜர வச்சிகினு ஒக்காந்துகினு கீற?” என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குச் செஸ் தெரியாது. ஆனாலும் பலகை முன் உட்கார்ந்து இரண்டு தடவை நகர்த்திக் காட்டச் சொன்னார். “அப்போ, உங்க நைனாவுக்கு எல்லாம் புரிஞ்சிகினுதான் இருந்துது” என்றார். நான் தலையை ஆட்டினேன். “அப்ப அவர வண்டில ஏத்தினதும் புரிஞ்சிருக்கும்” என்றார். அதற்கு நான் தலையை ஆட்டவில்லை.

மாமாவுக்குப் போன் செய்தேன். பின்னால் மிஷின் சத்தம் கேட்டது. “கைக்கு எது கெடச்சுதோ அத வச்சிருப்பாரு. ஒரு பொம்மைய வச்சதுக்கு இவ்ளோ அர்த்தமா? ஏம்மா என்ன சாவடிக்கற?” என்றான். “ராணிய கையில குடுத்தேன்ணா. கீழ போட்டாரு. நாலு தடவ யானைய எடுத்தாரு. நாலு தடவையும் கைக்குத் தப்பாவா கெடைக்கும்?” என்றேன். மிஷின் சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. பிறகு போன் நின்றுவிட்டது.

“கூட்டியாந்துடலாம்னு சொல்ற. இந்த ஒரே ரூம்ல எங்க படுக்க வைப்ப?” என்றார் உன் அப்பா.

“கதவாண்ட.”

“மழ வந்தா அங்க ஒழுவுமே.”

“அப்ப நம்ம அங்க படுத்துக்கலாம்.”

உன் அப்பா என்னைப் பார்த்துவிட்டு, “வாயே தொறக்காத பொண்ணுன்னு சொல்லிக் கட்டி வச்சாங்கடா எனக்கு” என்று சுவரிடம் சொன்னார். பிறகு கைலியைக் கட்டிக்கொண்டு, இரண்டு நாள் லீவு கேட்டால் மேஸ்திரி என்ன சொல்வான் என்று யோசிக்க ஆரம்பித்தார். லீவு கிடைக்கவில்லை. நானே போகிறேன் என்றேன்.

உனக்குப் புத்தியாக ஒன்று சொல்வதானால் இங்கே சொல்கிறேன். ஒருவர் தப்பாகச் செய்கிறார் என்று உனக்குத் தோன்றினால், திருத்துவதற்கு முன்னால் அவர் பக்கம் போய் உட்கார்ந்து அந்த ஆட்டத்தைக் கடைசிவரை ஆடிப் பார். எனக்கு அதற்கு அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும். அந்த அரை மணி நேரத்தை நான் கொடுக்கவில்லை. இன்னொன்று, எல்லாரும் ஒரு முடிவு எடுக்கும்போது உனக்கு வாய் வரவில்லை என்றால் எழுந்து குறுக்கே போயாவது நில். நான் அன்று ஓரமாக நின்று உன் கையை ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன்.

உன்னைத் தூக்கிக்கொண்டு காலை ரயிலில் சென்னைக்குப் போய், அங்கிருந்து திருத்தணி ரயில் பிடித்து, பிறகு பஸ்ஸில் போய் இறங்கினேன். இல்லத்து அலுவலகத்தில் ஒரு அம்மா இருந்தார். யார் வேண்டும் என்று கேட்டார். தாத்தாவின் பெயரைச் சொன்னேன். “நீ யாரு?” என்றார். “பொண்ணு” என்றேன். “இன்னா? காதுல உழல.” உன்னை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டு, “அவரு பொண்ணு. அவர ஊட்டுக்குக் கூட்டிக்கினு போக வந்துருக்கேன்” என்றேன். அங்கே இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சேர்த்துவிட்டவர்தான் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று அந்த அம்மா சொன்னார். மாமாவுக்குப் போன் போட்டு அவரிடம் நீட்டினேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “சரிப்பா. அழாதப்பா. நான் எழுதிக்கறேன், அப்பறம் வந்து போட்டுடு” என்று வைத்துவிட்டார்.

பிறகு என்னிடம் கொஞ்சம் தயங்கிச் சொன்னார். “வந்த புதுசுல நல்லாத்தாம்மா இருந்தாரு. பத்து நாள் முன்னாடி மறுபடி வாதம் இழுத்துகினு, ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போய் வந்தோம். உங்க அண்ணனுக்குச் சொன்னோம். இப்ப யாரயும் பாக்கறதில்ல. ஊட்டினா முழுங்கறாரு. அந்தக் கையும் தூக்கறதில்ல.” மாமா என்னிடம் அதைச் சொல்லவில்லை. சொல்ல அவனுக்கும் வாய் வந்திருக்காது.

தாத்தா ஜன்னல் ஓரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சுத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். முகம் சிறுத்துவிட்டது. “நைனா” என்றேன். கண் என்மேல் வந்து, நிற்காமல் சுவருக்குப் போயிற்று. பையில் செஸ் பெட்டி இருந்தது. பலகையை விரித்து யானையை அவர் கண்ணுக்கு முன்னால் வைக்க வேண்டும், நீ வைத்தது சரி என்று காட்ட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அவரைப் பார்த்ததும் பையின் வாயை இழுத்து மூடினேன். அவருக்குப் புரிகிறதா என்று இன்னொரு தடவை சோதிக்க எனக்கு மனசு வரவில்லை. புரிந்தால்தான் கூட்டிப்போவேன் என்றால், மாமா சொன்னதற்கும் நான் வந்ததற்கும் என்ன வித்தியாசம்.

“அன்னிக்கு நான் பிடுங்கியிருக்கக் கூடாது நைனா” என்றேன். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உன்னைக் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார வைத்து, நீ விழாமல் தலையணையை அணைத்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் குனிந்து அவருடைய செருப்பைத் தேடினேன்.